அரங்கும் அவையும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றோர் ஆடரங்கின் இலக்கணத்தை மறந்திரார். 24 விரல் அளவுள்ள மூங்கிற்கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாய் மேடை அமைய வேண்டும் என்கின்றார் இளங்கோவடிகள். மேடைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல், வாயில்கள் இரண்டு, எழினி மூன்று வகை. தூண்களின் நிழல் ஆடுகளத்தில் விழாதவாறு விளக்கு நிற்க வேண்டும் என்பது வரை அடிகளார் நுணுகிக் கூறுகின்றார். ஆயினும் அவையோர் அமரும் இடத்துக்கு அவர் அளவு எதுவும் கூறினாரல்லர். புகார் நகரத்தில் மாதவி ஆட வரும்போது அவை நிறையுமோ நிறையாதோ என்னும் ஐயம் எவருக்கும் எழ இடமில்லை. ஆதலின் அதனை அளக்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை போலும்.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. அரங்கை அளக்கவும் பழுது பார்க்கவும் நம்மிடம் பொறியாளர் உளர், பணமும் உண்டு. அதன் முன் வந்து அமர்வோரை எந்தக் கோலால் அளப்பது என்றுதான் தெரியவில்லை. நகரின் நடுவே புகழோடு நின்ற ஒரு கலையரங்கு எவ்வாறு நலிந்தது என்பதைச் சென்னையிலுள்ள ஒரு மண்டபத்தையும் நம் திருவனந்தபுரத்திலுள்ள ஒரு மண்டபத்தையும் அருகருகே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

சிவப்புச் செங்கல் மண்டபம்

திருவனந்தபுரத்திலிருந்து மெயிலில் ஏறி மறுநாட் காலை சென்னைச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி வெளியே வருவோர், ரிப்பன் மாளிகைக்கும் நிலையத்துக்கும் இடையே கோபுரத்தோடு கூடிய ஒரு செங்கற் கட்டடத்தைக் காண்பர். அதுவே விக்டோரியா பொது மண்டபம். அலுவற் பணி காரணமாக நாம் எத்தனையோ முறை அவ்வழியே சென்றுள்ளோம். பூட்டிய கதவும், சுவர் விளிம்புகளில் முளைத்த செடிகளுமாக அது நின்ற காலத்தில், “எப்படி இருந்த மண்டபம்!” என்று ஒவ்வொரு முறையும் பெருமூச்செறிந்திருக்கின்றோம். ஒரு முறையேனும் சாலையைக் கடந்து அதன் வாயில் வரை சென்றோமில்லை. இக்கட்டுரையின் குற்றச்சாட்டு முதற்கண் அந்தப் பெருமூச்சின் மேலது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றோம்.

அம்மண்டபத்தை வரைந்தவர் இராபர்ட் சிஷோம். நம் நகரத்து நேப்பியர் அருங்காட்சியகத்தை வரைந்தவரும் அவரே. 1880இல் இங்கே அப்பணி நிறைவுற்றது. அந்தப் பத்தாண்டிலேயே சென்னையில் பொது மண்டபம் எழலாயிற்று. அதன் கோபுரத்தின் தலையில் கேரளப் பாணியிலான சரிவுக் கூரை ஒன்று அமர்ந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். நம்மூர்க் கூரையின் அழகு அவர் மனத்தை விட்டு அகலவில்லை என்று கொள்வதில் தவறில்லை. மண்டபத்துக்குப் பொருளுதவி செய்தோருள் திருவிதாங்கூர் மன்னரும் ஒருவர். எனவே அந்த மண்டபத்தின் கதையில் நமக்கும் பங்குண்டு.

கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் தனித்தனியே ஏறத்தாழ 600 பேர் அமரும் இடம்; மேலே மரத்தாலான மாடம். 1891ஆம் ஆண்டு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரலுவின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தனர். அவற்றைக் கண்டு உள்ளம் கிளர்ந்த 18 வயது இளைஞர் ஒருவர், நண்பர் சிலருடன் கூடி அவ்வாண்டே ஜூலைத் திங்களில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அவரே பம்மல் சம்பந்த முதலியார். 1893இல் அவருடைய ‘புஷ்பவல்லி’ விக்டோரியா பொது மண்டபத்தில் மேடையேறியது. கூத்தாடிகள் என்று கற்றோர் இகழ்ந்திருந்த அக்காலத்தில், வழக்கறிஞரும் அலுவலரும் அரிதாரம் பூசி மேடையேறினர். பிற்காலத்தில் நாடு போற்றிய தலைவராய் விளங்கிய சத்தியமூர்த்தியும் அச்சபையில் நடித்தவரே. 1897இல் விவேகானந்தர் உரையாற்றியதும் அம்மண்டபத்திலேதான். சென்னை மாநகரம் முதன்முதலாகக் கண்ட சலனப் படக் காட்சிகள் சிலவும் அதே பத்தாண்டின் இறுதியில் அங்கேதான் காட்டப்பெற்றன.

ஈண்டு ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். சுகுண விலாச சபை தோன்றிய அதே 1891ஆம் ஆண்டில்தான், நம் நகரத்து மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீய’த்தை வெளியிட்டார். அது நடிப்பதற்கென்று எழுதப்பெறாமல், படிப்பதற்கென்றே எழுதப்பெற்ற நாடகம். ஒரே ஆண்டில் தெற்கே மேடையை நாடாத நாடகம் ஒன்றும், வடக்கே நாடகத்தைத் தேடிய மேடை ஒன்றும் பிறந்தன. மனோன்மணீயம் இன்றும் வாழ்கின்றது. அது வாழ ஒரு விளக்கும் ஒரு வாசகனும் போதும். மேடை நாடகமோ, கச்சேரியோ அவ்வாறன்று. ஒரே மாலையில், ஒரே கூரையின் கீழ், சில நூறு பேர் தம் வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து அமர்ந்தாலன்றி அதற்கு உயிரில்லை. மேடைக்கலையின் வலிமையும் அதுவே; நலிவுக்கு இடங்கொடுப்பதும் அதுவே.

நலிவின் காரணங்கள்

மண்டபம் நலிந்தது ஏன் என்று கேட்டால் உடனே வரும் விடை, “சினிமா வந்தது, மேடை போயிற்று” என்பது. மேடைப் பேச்சுகளிலும் மலர்க் கட்டுரைகளிலும் இதனைப் பன்முறை கேட்டுள்ளோம். இது பாதி உண்மையே. தமிழில் முதற் பேசும்படம் வந்தது 1931இல். ஆனால் சென்னைச் சங்கீத வித்வத் சபை தோன்றியது 1928இல்; மார்கழிக் கச்சேரிகள் வேரூன்றித் தழைத்தது பேசும்படம் கொடிகட்டிப் பறந்த அதே பத்தாண்டுகளில். சினிமா மேடையைக் கொன்றது என்றால் மயிலாப்பூரில் மட்டும் மேடை எவ்வாறு தழைத்தது? மேலும் சினிமா தொடக்கத்தில் மேடையிடம் கடன் வாங்கியே வாழ்ந்தது. சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ 1954இல் திரைக்கு வந்து பெற்ற வெற்றியை அறியாதார் யார்?

இரண்டாவது காரணம் இன்னும் வலிமையுடையது. அவையினர் குடிபெயர்ந்தனர். ஜார்ஜ் டவுனிலும் பார்க் டவுனிலும் வாழ்ந்த நடுத்தரக் குடும்பங்கள் தெற்கே மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் பரவின. சபைகளும் அவர்களைப் பின்தொடர்ந்தன. சுகுண விலாச சபையே மவுண்ட் ரோட்டில் தனக்கென இடம் தேடிக்கொண்டது. சங்கீத வித்வத் சபையின் சொந்த அரங்கு 1962இல் எழுந்ததும் நகரின் தென்பாகத்தில்தான். 1953இல் டிராம் வண்டிகள் நின்றுபோயின. மண்டபத்தின் அண்டை வீடுபோல் விளங்கிய மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் புறநகர் இரயில் நிலையம் எழுந்தது. ஒரு காலத்தில் நகரின் நடுவாக இருந்த இடம், நகரத்தார் கடந்து செல்லும் இடமாக மாறியது. ஒலிபெருக்கி இல்லாக் காலத்து மனிதக் குரலுக்கென அமைந்த கூடத்தின் வாயிலில் பேருந்துகளின் இரைச்சல் வந்து நின்றது.

மூன்றாவது காரணத்தை எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. அது காகிதத்தில் உள்ள காரணம். மண்டபம் நின்ற நிலம் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட நிலம். கோப்புகளோடு இருபதாண்டு பழகிய எம்மனோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். குத்தகையின் முதற் பத்தாண்டில் குத்தகைதாரர் வீட்டுக்காரர் போல் நடந்துகொள்வார். இறுதிப் பத்தாண்டில் விருந்தாளி போல் நடந்துகொள்வார். ஒழுகும் கூரையை மாற்றுவது யார் பொறுப்பு என்ற வினாவுக்கு இரு தரப்பிலும் விடை இராது. குத்தகை முடிந்தபின் உரிமை குறித்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. வழக்கிலுள்ள கட்டடத்துக்கு வெள்ளையடிக்கவும் எவரும் முன்வாரார். மழை மட்டும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கட்டடம் பழுதானதால் மக்கள் வராமற் போனார்கள் என்று நாம் எண்ணுகின்றோம். நடந்தது அதற்கு நேர்மாறு. வாரந்தோறும் வந்தவர்கள் வாராது போனபின்னரே கட்டடம் பழுதாயிற்று. 600 பேர் நாள்தோறும் அமரும் கூடத்தில் கூரை ஒழுகினால் மறுநாளே கூச்சல் எழும். ஒருவரும் அமராத கூடத்தில் கூரை விழுந்தாலும் செய்தியில்லை.

நம் நகரத்து மண்டபம்

இனி நம் நகரத்துக்கு வருவோம். பாளையத்தில் நிற்கும் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹால், அதாவது நாம் வி.ஜே.டி. ஹால் என்று அழைத்து வந்த மண்டபம், ஸ்ரீமூலம் திருநாள் மன்னர் காலத்தில் 1896இல் திறக்கப்பட்டது. 1904இல் தொடங்கிய ஸ்ரீமூலம் பிரஜா சபை கூடியது இங்கேதான். அச்சபையின் உறுப்பினராய் அமர்ந்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலமும் கல்வியும் வேண்டும் என்று மன்னரின் அரசை நோக்கி வாதாடினார் அய்யன்காளி. 2019இல் அம்மண்டபத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. பழம்பெயர் போயிற்றே என்று வருந்துவோர் நம் நண்பருள்ளும் உளர். நமக்கு அவ்வருத்தம் இல்லை. ஒரு மண்டபத்தின் பெருமை அதனுள் எழுந்த குரல்களால் ஆவது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒருவர் எழுந்து நின்று பள்ளிக்கூடம் கேட்ட இடத்துக்கு அவர் பெயரை விடப் பொருத்தமான பெயர் ஏது?

சென்னை மண்டபத்தைப் போல இது நெடுங்காலம் பூட்டிக் கிடக்கவில்லை. காரணம் எளிது. கூட்டம், கண்காட்சி, நூல் வெளியீடு, இரங்கற் கூட்டம் என்று ஏதேனும் ஒன்று இங்கே நடந்த வண்ணம் உள்ளது. ஆனால் இசையும் நாடகமும் இங்கே மெலிந்துவிட்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழுதக்காட்டில் தாகூர் அரங்கு எழுந்தபின் அக்கலைகள் அங்கும் பிற கூடங்களுக்கும் பெயர்ந்தன. ஆகவே இரு மண்டபங்களும் இருவேறு பாடங்களைக் கூறுகின்றன. பழகுவாரின்றிக் கட்டடமே நலியும் என்பது சென்னை காட்டும் பாடம். பழகுவார் இருப்பின் கட்டடம் வாழும். ஆயினும் கலை தானாக அங்கே தங்கிவிடாது என்பது திருவனந்தபுரம் காட்டும் பாடம்.

கலை தங்குவதற்கு என்ன வேண்டும்? அதற்கும் விடை நம் நகரத்திலேயே உள்ளது. கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபம் பெரிய கட்டடமன்று, கோபுரமில்லை, மாடமில்லை. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருவுருவம் ஊர்வலமாக வந்து அங்கே எழுந்தருளும். கம்பர் வழிபட்ட திருவுருவம் அது என்று மரபு கூறும். வேளிமலைக் குமரனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருவர். 1956இல் மாநில எல்லை மாறிய பின்னும் அவ்வூர்வலம் எல்லையைக் கடந்து வந்துகொண்டேயிருக்கின்றது. மாலை 6 மணிக்கு முல்லமூடு பாகவதர்களின் தோடயமங்களம், தொடர்ந்து கச்சேரி, 8.30 மணிக்கு நிறைவு. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பின் சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று சுவாதித் திருநாளின் கீர்த்தனைகளுக்கு நாள் வகுக்கப்பட்டுள்ளது. கைதட்டல் இல்லை, பாராட்டுரை இல்லை. இன்னார் பாடுகின்றார் என்பதற்காக மட்டுமன்றி, இன்று தோடி நாள் என்பதற்காகவும் வருவோர் உளர். நாளும் பண்ணும் பிணைந்துவிட்டபடியால் அவை தானே கூடுகின்றது.

அங்கும் குறை இல்லாமலில்லை. பெண்கள் அம்மண்டபத்தில் பாட நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 2006இல் பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாக அங்கே அமர்ந்து பாடினார். மரபு கெட்டுவிடும் என்று அஞ்சியோர் அஞ்சியது நடக்கவில்லை. கதவைச் சற்றுத் திறந்ததால் மரபு வலுவே பெற்றது. தொடர்ச்சி என்பது மாறாமை அன்று என்பதை அந்த அம்மையார் மெய்ப்பித்துவிட்டுச் சென்றார்.

இரு தலைப்புகள்

அரசாங்கக் கணக்கில் மூலதனச் செலவு என்று ஒரு தலைப்பு உண்டு. ஆண்டுதோறும் தொடரும் செலவு என்று மற்றொரு தலைப்பு உண்டு. முதலாவதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. இரண்டாவதற்கு எதுவும் இல்லை. விளக்கெரிக்கும் கட்டணம், கூட்டுபவரின் ஊதியம், பாடகருக்குச் சன்மானம், மிருதங்கக்காரருக்கு வண்டிச்செலவு என்று சில்லறையாக அது கசிந்துகொண்டே இருக்கும். சென்னை மண்டபத்தை மீட்கும் பெரும்பணியை மாநகராட்சி 2023இல் தொடங்கிற்று. பல கோடி ரூபாய்ச் செலவில் மேற்கொள்ளப்பட்ட அம்முயற்சியை மனமாரப் போற்றுகின்றோம். ஆயினும் அது முதல் தலைப்பைச் சார்ந்த பணி. மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை மாலை அங்கே யார் பாடுவார், யார் கேட்பார் என்னும் வினா இரண்டாம் தலைப்பைச் சார்ந்தது. எந்தக் கருவூலமும் அதற்கு ஒதுக்கீடு செய்ய இயலாது. அந்த ஒதுக்கீடு நம் மாலைப் பொழுதுகளிலிருந்து வரவேண்டியது.

இதைக் கூறும் தகுதி நமக்கு உண்டா என்று எண்ணிப் பார்த்தோம். சில ஆண்டுகளுக்கு முன் நம் நகரத்துக் கூடம் ஒன்றில் ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. 200 நாற்காலிகள், வந்திருந்தோர் 40 பேருக்கு மேல் இரார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை என ஒன்றரை மணி நேரம் கழிந்தபின் பாட்டுத் தொடங்கியது. காம்போதியை அந்த இளைஞர் நிதானமாக விரித்துப் பாடினார். பின்னர்த் தனியாவர்த்தனம் தொடங்கியதும் வழக்கம்போல் நாற்காலிகள் நகரும் ஓசை எழுந்தது. ஒன்பது மணிப் பேருந்தை எண்ணி நாமும் எழுந்தோம். வாயிற்படியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, முதியவரான அந்த மிருதங்க வித்வான் கைகளைத் தாளத்தில் வைத்தபடியே கண்களால் நம்மைத் தொடர்ந்துகொண்டிருந்தார். அப்பார்வையில் சினம் இல்லை. எத்தனை பேர் எஞ்சினர் என்று எண்ணும் பார்வை அது. அன்று பேருந்து தாமதமாகத்தான் வந்தது. நிறுத்தத்தில் நின்ற நேரமெல்லாம் உள்ளிருந்து மிருதங்கம் கேட்டுக்கொண்டேயிருந்தது.

மண்டபங்கள் நலிவது இவ்வாறுதான். ஓரிரவில் எவரும் அவற்றை இடிப்பதில்லை. நம்மனோர் ஒவ்வொருவராக, தக்க காரணத்தோடு, தனியாவர்த்தனத்தின்போது எழுந்து செல்கின்றோம்.

முத்தையா பாகவதரை முதல்வராகக் கொண்டு 1939இல் இசைக்கல்விச் சாலை கண்ட ஊர் இது. செம்மங்குடியும் ஜி.என்.பி.யும் பின்னர் அதன் தலைமையில் அமர்ந்து கற்பித்த ஊர் இது. இவ்வூரில் கேட்கத் தெரிந்தோர்க்குப் பஞ்சமில்லை. கேட்க வரும் பழக்கத்துக்கே பஞ்சம். அதனைப் போக்கப் பெரும்பொருள் வேண்டா. ஆண்டுக்கொரு பெருவிழா எடுத்து மலர் வெளியிடுவதோடு அமையாமல், மாதம் ஒரு மாலையைச் சங்கங்கள் உறுதி செய்யட்டும். நாள் மாறாதிருக்கட்டும்; கூடம் சிறிதாயினும் அதே கூடமாக இருக்கட்டும். உரைகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் பாட்டுக்கு இடம் விடட்டும். தத்தம் பிள்ளைகளில் ஒருவரையேனும் ஒவ்வொருவரும் உடன் அழைத்து வரட்டும். ஓராண்டு இவ்வாறு நடந்தபின் கூடத்தின் கூரை ஒழுகுகின்றதா இல்லையா என்று பார்ப்போம். ஒழுகினால் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

இளங்கோவடிகள் அவைக்கு அளவு கூறாது விட்டார் என்றோம். அவர் விட்ட இடத்தை நிரப்பும் புலமை நமக்கில்லை. அடுத்த முறை மெயிலில் இறங்கும்போது சாலையைக் கடந்து அந்தச் செங்கல் மண்டபத்தின் வாயில் வரை செல்வது என்று மட்டும் உறுதி பூண்டுள்ளோம். அதற்கு முன்பாக, இவ்வூரில் அடுத்து நடக்கும் கச்சேரிக்குச் சென்று, மங்களம் பாடி முடியும் வரை இருந்துவிட்டு வருவோம். ஒன்பது மணிப் பேருந்து போனால் போகட்டும். அதற்குப் பின்னும் ஒன்று உண்டு.